ஏழு என்றால் மூன்றும் ஓர் ஒத்தையும்

எப்சி ஷூ கம்பெனியில் வேலை பார்த்தது பதினான்கு வருடம் மூன்று மாதம். முதல் ஐந்து வருடம் தையல் பகுதியில். மீதி ஒன்பது வருடம் மூன்று மாதமும் ஜோடி மேசையில். ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் இருக்கும் அந்தக் கம்பெனியில் ஜோடி மேசை என்பது ஷூவைப் பெட்டியில் போடுவதற்கு முந்தைய இடம். இடதுகால் ஷூக்கள் ஒரு கூடையிலும் வலதுகால் ஷூக்கள் இன்னொரு கூடையிலும் வந்து இறங்கும். ஒரு கைக்கு ஒன்றாக எடுத்து, அளவு எண் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்துத் தோலின் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, சேர்த்து வைக்க வேண்டும். கறுப்பிலேயே ஆறேழு கறுப்பு உண்டு என்பது அந்த மேசைக்கு வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

அங்கே எதை எண்ணினாலும் ஜோடிதான். "இன்னிக்கு எவ்ளோ?" என்று கேட்டால் "நானூத்தி இருபது" என்று பதில் வரும். எண்ணூற்று நாற்பது ஷூ என்று யாரும் சொல்வதில்லை. துணை வந்து சேராத ஷூ எண்ணிக்கையிலேயே வராது. அதற்கு "ஒத்தை" என்று பெயர். அதை மேசையின் ஓரத்தில் தனியாக வைத்துவிடுவார்கள்.

மேசைக்கு வந்த முதல் நாள் எப்சி ஒவ்வொரு ஷூவாகத் தொட்டு எண்ணினாள். எதிரே நின்ற தில்ஷாத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"டீச்சருக்குப் படிச்சவளுக்கு எண்ணத் தெரியல, பாருங்கடி! அல்லா ரெண்டு கை எதுக்குக் குடுத்தான்? ரெண்டையும் சேத்துத் தூக்கு. தூக்கிட்டு ஒண்ணுன்னு சொல்லு. அவ்ளோதான்."

அன்றிலிருந்து அந்த மேசையில் எப்சிக்கு "டீச்சரம்மா" என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனால் பொய்யில்லை. 2003-ல் அவள் ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்திருந்தாள். மூன்று வருடத்துக்கு ஒருமுறையாக ஆறு தடவை புதுப்பித்தும் ஆயிற்று. ஒரு கடிதம்கூட வரவில்லை. ஆனாலும் கம்பெனி பஸ்ஸில் போகும்போது பள்ளிக்கூட மதில் தெரிந்தால் அவள் பேச்சை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் பார்ப்பாள். தில்ஷாத் முழங்கையால் இடிப்பாள். "பெல் அடிச்சுட்டாங்களா டீச்சரம்மா?"

2022 மே மாதக் கடைசியில் மிஷன் தொடக்கப் பள்ளியிலிருந்து ஆள் அனுப்பினார்கள். ஒன்றாம் வகுப்பு ஆசிரியை ஓய்வு பெற்றுவிட்டார். அரசு நிரப்பும்வரை நிர்வாகமே ஒருவரை வைத்துக்கொள்ளப் போகிறது. தலைமை ஆசிரியர் ஞானமுத்து அவளுடைய சான்றிதழ்களைத் தேதி வரிசைப்படி அடுக்கிவிட்டுப் பேசினார்.

"பத்தொம்பது வருஷம் ஆச்சும்மா நீ படிச்சு. கமிட்டில ரெண்டு பேருக்கு இஷ்டமில்ல. நான்தான் ஒரு வருஷம் பாக்கலாம்னு சொன்னேன். மார்ச்ல வட்டாரக் கல்வி ஆபீஸ்ல இருந்து வந்து பசங்களுக்கு எண்ணத் தெரியுதான்னு பாப்பாங்க. இருபத்து மூணுல பதினெட்டு பேராவது தேறணும். தேறலன்னா என்னை ஒண்ணும் கேக்காதே."

கம்பெனியில் சூப்பர்வைசர் உமர் ஃபாரூக்கிடம் போய்ச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போய்ட்டு வாம்மா. லீவுன்னு எழுதி வெக்கிறேன். மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும் உன் எடம் உன்னுது. அதுக்கு மேல என் கைல இல்ல."

இப்படி ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அங்கேயும் வைத்துக்கொண்டு, ஜூன் 13, திங்கட்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கு எப்சி வகுப்புக்குள் நுழைந்தாள். வயது முப்பத்தொன்பது.

முதல் மாதம் தான் படித்த மாதிரியே சொல்லிக்கொடுத்தாள். ஸ்லேட்டில் ஒன்றிலிருந்து நூறு வரை எழுத வேண்டும். எழுதியதை ஒப்பிக்க வேண்டும். பிள்ளைகள் நூறு வரை மளமளவென்று ஒப்பித்தார்கள். ஆனால் "நாலு சாக்பீஸ் எடுத்துட்டு வா" என்றால் கைப்பிடி நிறைய அள்ளிக்கொண்டு வந்தார்கள். மூன்று பேர் தினமும் அழுதார்கள். வீட்டுக்குப் போனதும் எப்சியும் ஒன்றிரண்டு நாள் அழுதாள். வேலூரில் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவள் கணவன் ஜோஸ், "கம்பெனில இருந்தப்போ இப்டி அழுததே இல்லியே" என்றான். அது உண்மை.

ஜூலை 18 முதல் 22 வரை வாணியம்பாடியில் ஐந்து நாள் பயிற்சி நடந்தது. வந்தவர்கள் முப்பத்து நான்கு ஆசிரியர்கள். பயிற்சி கொடுத்தவர் ஆலங்காயத்துக்காரர், பெயர் கிருஷ்ணராஜ், வயது முப்பத்தொன்று. நாற்காலிகளை எல்லாம் சுவரோரம் தள்ளச் சொல்லிவிட்டு, தரையில் சாக்பீஸால் நீளமாகக் கோடு போட்டு, பூஜ்ஜியத்திலிருந்து இருபது வரை கட்டம் வரைந்தார்.

"மேடம், நீங்க தவளை. மூணுல நிக்கிறீங்க. நாலு தடவை குதிங்க."

"குதிக்கவா சார்?"

"தவளை நடந்து போவுமா மேடம்?"

பின்னாலிருந்து வயதான ஆசிரியர் ஒருவர் குரல் கொடுத்தார். "சார், எனக்கு மூட்டு வலி. தவளைக்கு மூட்டு வலி வந்தா இன்னா பண்ணும்?"

"சொல்லிக் குடுக்கும் சார். நீங்க எண்ணுங்க, மேடம் குதிப்பாங்க."

எப்சி புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்தாள். முதல் இரண்டு குதியில் வெட்கம் பிடுங்கித் தின்றது. மூன்றாவது குதியில் கொஞ்சம் குறைந்தது. நான்காவது குதியில் ஏழில் போய் நின்றபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூன்றும் நாலும் ஏழு என்பதை அன்றைக்குத்தான் கால் வழியாகத் தெரிந்துகொண்ட மாதிரி இருந்தது.

அந்த ஐந்து நாளில் பகடை உருட்டினார்கள், பொத்தான்களை நிறவாரியாகப் பிரித்தார்கள், கண்ணை மூடிக்கொண்டு டப்பாவுக்குள் விழும் கூழாங்கல்லின் சத்தத்தை எண்ணினார்கள். கிருஷ்ணராஜ் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். குழந்தை ஒவ்வொரு பொருளையும் தொட வேண்டும். ஒரு தடவை தொட்டால் ஒரு எண்தான் சொல்ல வேண்டும். தொடாமல் சொல்வது வெறும் பாட்டு. எப்சி அதைத் தன் நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிக்கொண்டாள்: ஒரு தொடலுக்கு ஒரு சொல்.

திரும்பி வந்ததும் வகுப்பில் எல்லாவற்றையும் செய்து பார்க்க ஆசை. பகடையும் பொத்தானும் வைத்துப் பள்ளிக்கு அனுப்புவதாகச் சொன்ன விளையாட்டுப் பெட்டி வந்து சேரவில்லை. கையில் இருந்ததை வைத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆகஸ்டு முதல் வாரத்தில் ஒரு காலை, வகுப்பு வாசலில் பிள்ளைகள் கழற்றிப் போட்டிருந்த செருப்புகள் அவள் கண்ணில் பட்டன. ஒன்றின் மேல் ஒன்றாக, தலைகீழாக, துணை பிரிந்து கிடந்தன. பார்த்ததும் அவளுடைய இரண்டு கையும் தாமாக முன்னால் நீண்டன.

"வாங்கடா எல்லாரும். இன்னிக்கு நம்ம கிளாஸ் கம்பெனி."

கம்பெனி என்றதும் பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். கம்பெனி என்றால் என்னவென்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாதிப் பேருக்கு மேல் அம்மா அங்கேதான் இருக்கிறார். இரண்டு பேர் செருப்புக் குவியலிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். நான்கு பேர் ஜோடி சேர்ப்பார்கள். ஒருவன் காலி அட்டைப் பெட்டிக்குள் வைப்பான். ஒருத்தி எண்ணுவாள். தில்ஷாத்தின் மகள் முபஷ்ஷிராவுக்கு எப்போதும் எண்ணும் வேலைதான் வேண்டும். இரண்டு செருப்பையும் மார்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு "ஒண்ணு" என்பாள். துணை கிடைக்காத செருப்பு வந்தால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "டீச்சர், ஒத்தை!" என்று கத்துவாள். வகுப்பே சேர்ந்து கத்தும். அடுத்த வகுப்பிலிருந்து ஞானமுத்து எட்டிப் பார்ப்பார்.

"இன்னாம்மா சந்தை?"

"கணக்குப் பாடம் சார்."

"கணக்கா? எனக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தவரு பிரம்போட வந்தாரு. நாங்க சத்தமே போடல." சொல்லிவிட்டு, போகாமல் சற்று நேரம் நின்று பார்ப்பார்.

செருப்பிலிருந்து ஆட்டம் மற்றப் பொருள்களுக்கும் போனது. புளியங்கொட்டை, வேப்பங்கொட்டை, தைப்பதில் மிஞ்சிய பொத்தான், எல்லாவற்றையும் பிள்ளைகள் ஆர்வத்தோடு அள்ளிக் குவித்து எண்ணினார்கள். யாரும் அழவில்லை. எப்சியும் அழவில்லை. ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை அந்த ஐந்து மாதம், காலையில் எழுந்ததும் எங்கே போகிறோம் என்று நினைத்தாலே அவளுக்கு மனசு லேசானது. பிற்பாடு எவ்வளவோ வகுப்புகள் வந்தாலும் அந்த ஐந்து மாதம்போல வரவில்லை என்றுதான் அவள் சொல்வாள். அந்த ஐந்து மாதமும் தவறாகவே போனது என்பதையும் கூடவே சொல்வாள்.

2023 ஜனவரி 24, செவ்வாய்க்கிழமை. இடைக்கால ஆய்வுக்கு வட்டாரத்திலிருந்து வந்தவர் கிருஷ்ணராஜ்தான். அவரைப் பார்த்ததும் எப்சிக்குத் தைரியம் வந்தது. ஆய்வு நடக்கும்போது ஆசிரியை பேசக் கூடாது என்பது விதி. அவள் கரும்பலகைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கிருஷ்ணராஜ் தரையில் உட்கார்ந்து பத்துப் புளியங்கொட்டைகளை வைத்தார். "எத்தனை இருக்குன்னு எண்ணிச் சொல்லு பாப்போம்."

முதல் பையன் இரண்டு கையாலும் எடுத்து எடுத்து வைத்தான். "அஞ்சு சார்."

"நல்லாப் பாத்து எண்ணு."

இன்னொரு தடவை, இன்னும் கவனமாக எண்ணினான். "அஞ்சு சார்."

அடுத்தவளும் அஞ்சு. அதற்கடுத்தவன் பத்து என்றான். பிறகு மறுபடியும் அஞ்சு. கிருஷ்ணராஜ் கைபேசியில் குறித்துக்கொண்டே வந்தார். முபஷ்ஷிராவின் முறை வந்தபோது, மாற்றிப் பார்க்கலாம் என்று ஏழு கொட்டைகளை வைத்தார். அவள் இரண்டிரண்டாக ஒதுக்கினாள். மீந்துபோன ஒன்றை ஓரமாக நகர்த்தினாள்.

"மூணு சார். ஒரு ஒத்தை."

"ஒத்தையா? இன்னாம்மா ஒத்தை?"

அந்த நொடியில் எப்சிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஓடிப் போய்ச் சொல்லிவிடலாம்போல் இருந்தது. பேசக் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு, டியூப்லைட்டுக்குக் கீழே நிற்பதுபோல் நின்றாள்.

இருபத்து மூன்று பேரில் சரியாகச் சொன்னவர்கள் ஒன்பது பேர். தவறாகச் சொன்னவர்கள் பதினான்கு பேர். ஒத்தை என்றால் என்னவென்று எப்சி விளக்கியதும், ஞானமுத்து சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து வந்து, அந்தப் பதினான்கு பெயருக்கும் நேரே தாயின் தொழில் என்ற கட்டத்தைப் பார்த்தார். பதின்மூன்று பேருக்கு ஷூ கம்பெனி. பதினான்காவது பையனுக்கு அம்மா இல்லை. அவனை வளர்த்த அத்தை கம்பெனியில் வேலை பார்த்தாள்.

"அஞ்சு மாசம் நீ கவனிக்கவே இல்லியா?" என்றார் ஞானமுத்து.

அவள் கவனிக்காததற்குக் காரணம் இருந்தது. புத்தகத்தில் அச்சிட்ட படங்களைக் கையால் தூக்க முடியாது. அவற்றை ஒரு விரலால் தொட்டுப் பிள்ளைகள் சரியாகவே எண்ணினார்கள். கையில் எடுக்கிற பொருளாக இருந்தால்தான் ஜோடி சேர்த்தார்கள். அப்படி அவர்கள் "அஞ்சு" என்றபோது, ஒன்பது வருடம் ஜோடியையே கேட்டுப் பழகிய எப்சியின் காதுக்கு அது சரியாகவே கேட்டது.

கிருஷ்ணராஜ் போகும்போது அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மேடம், நோட்டுல மொதப் பக்கத்துல இன்னா எழுதினீங்க?"

அவள் நோட்டை நீட்டினாள். அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "மார்ச் பதினாலு மறுபடியும் வர்றேன்."

அன்று சாயங்காலம் பள்ளி கேட்டில் தில்ஷாத் வந்து நின்றாள். கம்பெனி ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை.

"என் பொண்ணு பெயிலா? வீட்ல உக்காந்துக்கினு அழுவுறா. மூணுன்னு சொன்னது தப்பாம். இன்னா தப்பு? ஏழு வெச்சா மூணு, ஒரு ஒத்தை. சரிதானே?"

"நம்ம மேசைக்குச் சரிடி. ஸ்கூலுக்குத் தப்பு."

"அடிப் பாவி. பத்து வருஷம் என் கூட அப்டித்தானே எண்ணினே? அப்போ அதெல்லாம் பொய்யா?"

எப்சி கேட்டைத் தாண்டி வெளியே வந்து அவள் பக்கத்தில் நின்றாள். தில்ஷாத் தணிந்துபோனாள். "எல்லாம் என்னாலதான். மொத நாளே உன்னை ஒண்ணொண்ணா எண்ண விட்டிருக்கணும். சரி, இப்போ எங்கள இன்னா பண்ணச் சொல்றே?"

"வீட்ல தனித்தனியா எண்ணுங்க. சப்பாத்தியா இருந்தாலும் சரி, துணி கிளிப்பா இருந்தாலும் சரி. மத்தவங்க கிட்டயும் சொல்லு."

தில்ஷாத் கம்பெனி பஸ்ஸில் எல்லாரிடமும் சொன்னாள். அடுத்த வாரம் பதின்மூன்று அம்மாக்களும் ஓர் அத்தையும் வீட்டில் ஒன்றொன்றாக எண்ணினார்கள். அதன் பலன் கம்பெனியில் தெரிந்தது. பிப்ரவரி 2-ஆம் தேதி தில்ஷாத் மேசையில் நின்றபடி பழக்க தோஷத்தில் ஒவ்வொரு ஷூவாக எண்ணி, "எண்ணூத்தி எழுவத்தாறு" என்று சொல்லிவிட்டாள். உமர் ஃபாரூக் அதை அப்படியே எழுதிவிட்டார். பெட்டி பாதிதான் இருந்தது. தேடித் தேடிப் பார்த்துவிட்டுக் கத்தினார். "ஒரு ஆள் ஸ்கூலுக்குப் போனா, மொத்த லைனும் ஒண்ணாங் கிளாஸுக்குப் போயிடுச்சா?"

வகுப்பில் எப்சி முதலில் செய்தது இன்னொரு தவறு. செருப்பு ஆட்டத்தை அடியோடு நிறுத்திவிட்டாள். "இனிமே யாரும் ஜோடி சேக்கக் கூடாது" என்றாள். பிள்ளைகள் பயந்துபோய்ப் பொருள்களைத் தொடுவதையே விட்டுவிட்டார்கள். கொட்டைகளை முன்னால் வைத்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள். முபஷ்ஷிரா எண்ணுவதற்கு முன்னே வரவே இல்லை. இரண்டு வாரம் வீணாகப் போயிற்று. மார்ச் 14-க்கு இருபத்தெட்டு வேலை நாள்தான் மிச்சம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் அவள் வீட்டுத் தரையில் புளியங்கொட்டைகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். தனித்தனியாக எண்ணினாள். பிறகு ஜோடியாக எண்ணினாள். இரண்டுமே அவள் கைக்கு வந்தன. எப்போது எதை எண்ணுகிறோம் என்று தனக்குத் தெரிகிறது, பிள்ளைகளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று தோன்றியது. ஜோடியைப் பறித்தது தப்பு. அதற்கு ஓர் இடம் காட்டியிருக்க வேண்டும்.

எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். ஜோஸ் குடியாத்தத்தில் வாங்கிய இரண்டு லுங்கிகள் இருந்தன. ஒன்று நீலக் கட்டம், ஒன்று சிவப்புக் கட்டம்.

"ஏய், அது கிறிஸ்மஸுக்கு எடுத்தது."

"ரெண்டு மொழம் போதும்."

"ரெண்டு மொழம் போனா மிச்சத்த நான் துண்டாத்தான் கட்டணும்!"

கத்தரிக்கோல் அதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தது.

மறுநாள் வகுப்பில் இரண்டு துணிகளையும் விரித்தாள். நீலத் துணியில் வைத்தால் தனித்தனி. ஒரு விரலால் தொட்டு எண்ண வேண்டும். சிவப்புத் துணியில் வைத்தால் ஜோடி. இரண்டு கையாலும் சேர்த்துத் தூக்க வேண்டும். எட்டுக் கொட்டைகளை நீலத்தில் எண்ணிவிட்டு, அதே கொட்டைகளைச் சிவப்புக்கு மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன்னால், அங்கே போனால் எத்தனை ஆகும் என்று ஊகித்துச் சொல்ல வேண்டும். ஊகம் சரியாக இருந்தால் எல்லாரும் கை தட்டுவார்கள். தப்பாக இருந்தால் தவளை மாதிரி மூன்று குதி. தப்பாகச் சொல்லிக் குதிப்பதற்காகவே சிலர் தப்பாகச் சொன்னார்கள்.

முதல் நாள் முபஷ்ஷிரா கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் எழுந்து வந்து, ஒன்பது கொட்டைகளை நீலத்தில் வைத்து எண்ணினாள். சிவப்பைப் பார்த்தாள். விரலால் காற்றில் எதையோ சேர்த்துச் சேர்த்து வைத்தாள்.

"அங்க போனா நாலு டீச்சர். ஒரு ஒத்தை அழுவும்."

"ஏன் அழுவும்?"

"துணை இல்லியே."

எப்சி அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

மார்ச் 14, செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு கிருஷ்ணராஜ் வந்தார். விளையாட்டுச் சாமான் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பது விதி. துணிகளை மடித்து அலமாரியில் வைத்தாயிற்று. எப்சி கரும்பலகைக்குப் பக்கத்தில், ஞானமுத்து வாசலில். கமிட்டியிலிருந்தும் ஒருவர் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

இருபது பேர் முடிந்தபோது எப்சி மனசுக்குள் வைத்திருந்த கணக்கு: சரி பதினாறு, தவறு நான்கு. மூன்று பேர் மிச்சம். இருபத்தோராவதாக முபஷ்ஷிரா வந்து உட்கார்ந்தாள்.

கிருஷ்ணராஜ் வேண்டுமென்றே செய்தாரோ என்னவோ, அவள் முன்னால் ஏழு கொட்டைகளையே வைத்தார். "எண்ணும்மா."

அவள் கொட்டைகளைப் பார்த்தாள். கொட்டைகளுக்குக் கீழே தரையைப் பார்த்தாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தாள். கை நகரவே இல்லை. அரை நிமிடம் போயிற்று. வாசலில் ஞானமுத்து தொண்டையைச் செருமினார். எப்சி கட்டிய கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். பிள்ளை எதைத் தேடுகிறாள் என்று அவளுக்குத் தெரிந்தது. துணியைத் தேடுகிறாள். துணி இல்லாமல் எண்ணச் சொல்லிக்கொடுக்க நாள் போதவில்லை. மற்றப் பிள்ளைகள் துணியைப் பற்றி யோசிக்காமல் எண்ணிவிட்டார்கள். இவள் ஒருத்திதான் யோசிக்கிறாள். நன்றாகப் படித்துக்கொண்டவள் என்பதாலேயே இவள் தோற்றுப்போகப் போகிறாள்.

"எந்தத் துணி சார்?" என்றாள் முபஷ்ஷிரா.

"எந்தத் துணியா?"

"நீலமா, செவப்பா?"

கிருஷ்ணராஜ் எப்சியைப் பார்த்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. அவர் மறுபடியும் பிள்ளையைப் பார்த்தார். "துணி ஒண்ணும் இல்லம்மா. சும்மா தரையிலதான் வெச்சிருக்கேன்."

அவள் இன்னும் கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஒரு விரலை நீட்டி ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"தனித்தனியான்னா ஏழு." நிமிர்ந்து அவரைப் பார்த்து, பெரிய மனுஷிபோல் விளக்கினாள். "ஜோடின்னா மூணு, ஒரு ஒத்தை. ஒங்களுக்கு எது வேணும் சார்?"

கைபேசியில் விடைக்கு ஒரு கட்டம்தான் உண்டு. கிருஷ்ணராஜ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கமிட்டிக்காரர் நாற்காலியிலிருந்து, "ரெண்டு பதில் சொல்லுதே சார், அத எப்டி எடுத்துக்குவீங்க?" என்று கேட்டார்.

"கேள்வி கேட்டது நான் சார். எதுல எண்ணணும்னு நான் சொல்லல. அது கேட்டுச்சு." கட்டத்தில் ஏழு என்று அழுத்தினார். "எனக்கு ஏழு வேணும்மா. போய் உக்காரு."

மிச்சமிருந்த இருவரில் ஒருவன் சரியாகச் சொன்னான். ஒருத்தி சொல்லவில்லை. மொத்தம் பதினெட்டு. ஞானமுத்து எண்ணிக்கையை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். பிறகு கமிட்டிக்காரர் பக்கம் திரும்பி, "பதினெட்டு" என்றார். எப்சி பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையைத் துடைத்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அடுத்த வருடத்துக்கான கடிதம் மார்ச் 29 அன்று வந்தது. ஒன்றாம் வகுப்பு எப்சிக்குத்தான். கையெழுத்து வாங்கும்போது ஞானமுத்து, "அந்த அஞ்சு பேரு?" என்று கேட்டார்.

"சனிக்கிழமை லீவுல வரச் சொல்லியிருக்கேன் சார். காலைல ஒரு மணி நேரம்."

"லீவுல ஸ்கூல் தொறந்தா நான்தான் சாவி எடுத்துட்டு வரணும்." சலித்துக்கொண்டார். "எத்தனை மணிக்கு?"

"எட்டரை."

31-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, பள்ளி விட்டதும் அவள் கம்பெனிக்குப் போனாள். உமர் ஃபாரூக் அவளை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தார்போல. அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தாள். கடைசி நாளென்று அன்றைக்கு மாட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"நெஜமாத்தானா? இந்த எடத்துக்கு நாளைக்கே ஆள் வருது. குடியாத்தத்துல இருந்து, சௌம்யான்னு ஒரு பொண்ணு."

"நெஜமாத்தான் சார்."

"அப்போ சந்தோஷம்." அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் இருந்தது இருபத்தைந்து வயது எப்சியின் படம். "போட்டோல எவ்ளோ பயந்துபோய் நிக்கிறே, பாரு."

"அரை மணி நேரம் மேசைல நிக்கட்டுமா சார்?"

அவர் உள்ளே கையைக் காட்டினார்.

மேசையில் தில்ஷாத் இருந்தாள். நகர்ந்து இடம் விட்டாள். கேலி எதுவும் செய்யவில்லை. பழுப்பு நிறச் சரக்கு ஓடிக்கொண்டிருந்தது. தோல், பசை, இஸ்திரிச் சூடு எல்லாம் சேர்ந்த அந்த வாசனை பத்து மாதத்துக்குப் பிறகு எப்சியின் மூக்கில் ஏறியது. ஒரு கைக்கு ஒன்றாக எடுத்தாள். அளவு பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்பது வருடம் இந்த இடத்தில் எத்தனை சிரிப்பு, எத்தனை சண்டை. ரம்ஜான் மாதத்தில் நோன்பிருந்த தில்ஷாத்துக்காக இவளும் தண்ணீர் குடிக்காமல் நின்ற மதியங்கள். ஈஸ்டருக்கு முந்தின வாரம் இவளுக்காகத் தில்ஷாத் இரண்டு பேர் வேலையையும் சேர்த்துப் பார்த்த நாள்கள். பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்காதா என்று ஏங்கி ஏங்கி ஓடிப்போன காலம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அதுவும் நல்ல காலம்தான் என்று விடைபெறும் அன்றைக்குத் தெரிந்தது.

ஐந்து மணிக்கு வந்தவள் ஐந்தரைக்கு ஷிப்டு முடியும்வரை நின்றாள். நாற்பத்தாறு ஜோடி. அவள் பெயர் லைன் நோட்டில் இல்லாததால் தில்ஷாத் அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ள மறுத்தாள். எப்சியும் வற்புறுத்தவில்லை.

வெளியே பஸ்கள் கிளம்பத் தயாராக நின்றன. கேட்டில் காவலாளி வழக்கம்போல் அட்டையைக் காட்டச் சொல்லிக் கையை நீட்டினார். எப்சியின் கை கழுத்துக்குப் போய், அங்கே ஒன்றுமில்லாமல் இறங்கியது.

"கெஸ்ட்டுப்பா," என்றாள் பின்னால் வந்த தில்ஷாத். "ஸ்கூல் டீச்சர்."

காவலாளி வழி விட்டார். கம்பெனி பஸ்ஸில் இனி ஏற முடியாது. எப்சி ரோட்டைக் கடந்து ஆட்டோவுக்காக நின்றாள். மறுநாள் சனிக்கிழமை. காலை எட்டரைக்கு அந்த ஐந்து பேரும் வருவார்கள்.